2011 லேப்டாப்பில் யூஎஸ்பி 3.0: குளச்சல் பக்கத்து ஸ்டூடியோ ஒன்றின் 180 டேப்புகள்

தக்கலையில் லேப்டாப் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். 2024 ஜூன் முதல் செப்டம்பர் வரை என் கையில் இருந்த ஒரு வேலையின் பதிவு இது. உரிமையாளரின் அனுமதியோடு எழுதுகிறேன். பெயர்களும் ஊர் அடையாளமும் வேண்டாம் என்று அவரே சொன்னார். பழைய லேப்டாப்பில் புதிய போர்ட் சேர்ப்பது சின்ன வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இதில் நான் செய்த தவறுகள் இரண்டு. அவற்றையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

பின்னணி

உரிமையாளருக்கு வயது 61. குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவே ஒரு கடலோர ஊரில் போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறார். 2001 முதல் 2010 வரை அந்தப் பக்கத்தில் நடந்த கல்யாணம், முதல் திருவிருந்து, ஊர்த் திருவிழா, கோயில் கொடை என்று எல்லாவற்றையும் மினி டிவி (Mini DV) என்ற சின்ன டிஜிட்டல் வீடியோ டேப்பில் எடுத்தவர். சிடி போட்டுக் கொடுத்த பிறகும் மூல டேப்பை அழிக்காமல் வைத்திருந்தார். அந்தக் காலத்தில் பலர் டேப்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். இவருக்கு மனசு வரவில்லை. அப்படிச் சேர்ந்தவை 180 டேப்.

2004 சுனாமியில் குளச்சல் பக்கம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். எத்தனையோ வீடுகளில் ஆல்பமும் சிடியும் தண்ணீரோடு போயின. ஸ்டூடியோ மாடியில் இருந்ததால் டேப்புகள் தப்பின. 2024 மே மாதம் ஒரு பெண் அவரிடம் வந்து, தன் கல்யாண வீடியோ இருக்குமா என்று கேட்டிருக்கிறார். கல்யாணம் 2003-ல் நடந்தது. ஆல்பம் சுனாமியில் போய்விட்டது. கணவர் 2017 நவம்பரில் ஒக்கி புயலில் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. மகளுக்கு அப்பாவின் குரல் சரியாக நினைவில் இல்லை, அதனால்தான் கேட்டு வந்தேன் என்றாராம். அன்றைக்குத்தான் இவர் 180 டேப்பையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தார்.

மினி டிவி டேப்பில் உள்ளதைத் தரம் குறையாமல் எடுக்க ஃபயர்வயர் போர்ட் வேண்டும். கேமராவில் இருக்கும் டிஜிட்டல் தகவல் அந்த வழியாக அப்படியே வந்து இறங்கும். ஒரு மணி நேர டேப்புக்கு ஏறக்குறைய 13 ஜிபி. இன்றைய லேப்டாப்புகளில் ஃபயர்வயர் கிடையாது. இவரிடம் இருந்தது 2011 மாடல் லேப்டாப். 2013-ல் பழையதாக வாங்கியது. இரண்டாம் தலைமுறை கோர் ஐ5, 8 ஜிபி ரேம், 2019-ல் நான் போட்டுக் கொடுத்த 500 ஜிபி எஸ்எஸ்டி. ஓரத்தில் 4 பின் ஃபயர்வயர், பக்கத்தில் மானிட்டருக்கான விஜிஏ, டிஸ்ப்ளேபோர்ட், மூன்று யூஎஸ்பி 2.0. போர்ட்டுகளை இயக்கும் இன்டெல் சிப்செட்டிலேயே அந்த ஆண்டு வேகமான யூஎஸ்பி 3.0 கிடையாது; 2012-ல் வந்த அடுத்த வரிசையில்தான் சேர்ந்தது. ஒரு வருடம் பிந்திய மாடலாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

வந்த கோரிக்கை

ஜூன் இரண்டாம் வாரம் நல்ல மழையில் பைக்குள் லேப்டாப்பைச் சுற்றிக் கொண்டு வந்தார். "புது லேப்டாப்பில உள்ள எல்லா போர்ட்டும் எனக்க லேப்டாப்பிலயும் வேணும் மக்களே. டைப்-சி, எச்டிஎம்ஐ, வேகமான யூஎஸ்பி. ஒரு டேப்பை டிஸ்கில ஏத்த மூணரை மணி நேரம் ஆவுது."

கூடவே இரண்டு புதிய 4 டிபி போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்குகளும், எச்டிஎம்ஐ வாயுள்ள ஒரு டைப்-சி ஹப்பும் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் கருவி), அதைச் சாதாரண யூஎஸ்பியில் செருகுவதற்கான சிறிய கன்வெர்ட்டரும் கொண்டு வந்திருந்தார். ஹப் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மானிட்டரில் படம் வரவில்லை.

பார்த்ததில் தெரிந்தவை

முதலில் ஹப். டைப்-சி ஹப்பில் உள்ள எச்டிஎம்ஐ வேலை செய்ய, லேப்டாப்பின் டைப்-சி போர்ட்டுக்குள் வீடியோவுக்கான கம்பிகள் வந்திருக்க வேண்டும். சாதாரண யூஎஸ்பி போர்ட்டில் அவை கிடையாது. கன்வெர்ட்டர் வாயின் வடிவத்தை மாற்றும், உள்ளே இல்லாத கம்பியை உண்டாக்காது. அந்த வகைக் கன்வெர்ட்டர், அதாவது ஒரு பக்கம் டைப்-சி துளையும் மறுபக்கம் பழைய யூஎஸ்பி முனையும் கொண்டது, டைப்-சி விதிமுறையிலேயே அனுமதிக்கப்படாதது. தவறான இரண்டு முனைகளை அதன் வழியாக இணைத்தால் இரண்டு பக்கமும் கரண்ட் தள்ளும் நிலை வரலாம். அதை எடுத்து வைக்கச் சொன்னேன்.

அடுத்தது வேகம். மூன்றரை மணி நேரம் என்றதும் எனக்குச் சந்தேகம் வந்தது. யூஎஸ்பி 2.0-வின் பெயரளவு வேகம் வினாடிக்கு 480 மெகாபிட்; நடைமுறையில் 30 முதல் 35 எம்பி கிடைக்கும். 13 ஜிபி போக ஏழு நிமிடம் போதும். இவருக்கோ வினாடிக்கு 1 எம்பிதான் போய்க்கொண்டிருந்தது. இது 1990-களின் யூஎஸ்பி 1.1 வேகம். டிஸ்கைச் செருகும் ஒவ்வொரு முறையும், இந்தச் சாதனம் இன்னும் வேகமாக இயங்க முடியும் என்று விண்டோஸ் ஓர் அறிவிப்பு காட்டியிருக்கிறது. அதை விளம்பரம் என்று நினைத்து மூடியிருக்கிறார்.

லென்ஸ் வைத்துப் போர்ட்டுக்குள் பார்த்தேன். நடுவில் உள்ள இரண்டு தகவல் பின்களிலும் பச்சைக் களிம்பு. ஸ்டூடியோவின் ஜன்னல் கடலைப் பார்த்தது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கண்ணாடியில்கூட உப்பு படியும். தொடர்பு சரியில்லாதபோது சாதனமும் லேப்டாப்பும் வேகமான முறைக்கு மாற முயன்று, முடியாமல், பழைய மெதுவான முறையிலேயே நின்றுவிடும். மற்ற இரண்டு போர்ட்டுகளில் ஒன்றில் மவுஸ். இன்னொன்றில் டிஸ்கைச் செருகினால் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டுவிட்டு மறைந்துவிட்டது.

மூன்றாவதாக, இடது ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதை அழுத்தியதும் வெளியே வந்தது. பதினோரு வருடமாக அவர் அதை மூடி என்றே நினைத்திருக்கிறார். அது எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட்டின், அதாவது கூடுதல் போர்ட் தரும் கார்டைச் செருகும் துளையின், போலி அட்டை. அந்தக் காலத்து வணிக வகை லேப்டாப்புகள் பலவற்றில் இந்த ஸ்லாட் உண்டு. பழையது ஒன்று வீட்டில் கிடந்தால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள்.

ஃபயர்வயர் மட்டும் சுத்தமாக இருந்தது. ரப்பர் மூடி போட்டே வைத்திருந்தார். ஃபயர்வயரை இயக்கும் மைக்ரோசாப்டின் பழைய 1394 டிரைவரைத் தனியாக நிறுவி விண்டோஸ் 10-ல் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு டேப்பை முழுக்க ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு பிரேம்கூட விடவில்லை.

யோசித்த வழிகள்

புதிய லேப்டாப் வாங்குவதுதான் முதலில் தோன்றும் வழி. வாங்கினால் யூஎஸ்பி 3.0 வரும், ஃபயர்வயர் போகும். தண்டர்போல்ட் என்ற அதிவேகப் போர்ட் உள்ள விலை கூடிய லேப்டாப் ஒன்றை வாங்கி, அதில் ஓர் அடாப்டர், அதன் மேல் இன்னோர் அடாப்டர் என்று கோத்து ஃபயர்வயர் கொண்டுவரலாம். செலவு அவருக்குக் கட்டுப்படியாகாது. அந்த அடாப்டர்களும் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. ஃபயர்வயர் முனையை ஒரு பக்கமும் யூஎஸ்பியை மறுபக்கமும் வைத்து 200 ரூபாய்க்கு விற்கும் கேபிள்களைப் பற்றியும் கேட்டார். அவற்றில் வெறும் கம்பிதான் இருக்கும். இரண்டும் வேறு வேறு மின் முறைகள், வேறு மொழிகள். கேமராவையும் லேப்டாப்பையும் இணைக்க அந்தக் கேபிள் உதவாது, கேமரா போர்ட்டைக் கெடுக்கவும் கூடும்.

ஆகவே இந்த லேப்டாப்பை வைத்துக்கொள்வதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அதன் மதிப்பே அந்தச் சின்ன 4 பின் துளையில்தான் இருந்தது.

அடுத்த வழி, போர்ட்டுகளைச் சுத்தம் செய்துவிட்டு யூஎஸ்பி 2.0-விலேயே ஓட்டுவது. டேப்பைக் கேப்சர் செய்ய, அதாவது கேமராவில் ஓடவிட்டு லேப்டாப்பில் பதிய, எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். அதைக் குறைக்க எந்தப் போர்ட்டாலும் முடியாது. அதன் பிறகு ஏழு நிமிடக் காப்பி என்றால் தாங்கலாம். மூன்றாவது வழி, எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட்டில் யூஎஸ்பி 3.0 கார்டு. நான்காவதாக, நெட்வொர்க் கேபிள் வழியாக வேறு கம்ப்யூட்டருக்கு அனுப்புவது. இந்த லேப்டாப்பில் கிகாபிட் நெட்வொர்க் போர்ட் இருந்தது. நல்ல வேகம் கிடைக்கும். ஆனால் ஸ்டூடியோவில் வேறு கம்ப்யூட்டர் இல்லை, மகளின் லேப்டாப் சனி ஞாயிறுகளில் மட்டும்தான் வீட்டுக்கு வரும்.

முதல் முடிவு: சுத்தம் செய்தல்

லேப்டாப்பை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் மூன்று போர்ட்டுகளையும் துடைத்தேன். இரண்டு போர்ட்டுகள் மீண்டன. மூன்றாவதின் பின் ஒன்று அரித்துத் தேய்ந்திருந்தது; அதை மவுஸுக்கு ஒதுக்கினேன். வேகம் வினாடிக்கு 32 எம்பி. மூன்றரை மணி நேர வேலை ஏழு நிமிடமாக வந்து நின்றது, ஒரு பைசா பொருள் வாங்காமல்.

"அப்போ இதுவே போதும் இல்லியா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் வேலையை அடுக்கிப் பார்த்தோம். ஒவ்வொரு டேப்பின் கோப்பும் இரண்டு டிஸ்கிலும் ஏற வேண்டும். ஏறியது சரியாக ஏறியதா என்று செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) போட்டு இரண்டையும் திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும். இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஆக ஒரு டேப்புக்கு நான்கு நடை, 28 நிமிடம். ஒரு நாளைக்கு ஐந்து டேப் என்றால் இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல். ஆடி மாதம் முகூர்த்தம் குறைவு, அதற்குள் பெரும்பகுதியை முடிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. யூஎஸ்பி 3.0 வந்தால் இதே வேலை முக்கால் மணி நேரத்துக்குள் அடங்கும்.

இன்னொரு காரணமும் இருந்தது. யூஎஸ்பி 2.0 போர்ட் தரவேண்டிய கரண்ட் 500 மில்லி ஆம்பியர்தான், யூஎஸ்பி 3.0-க்கு 900. போர்ட்டபிள் டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் 500-ஐத் தாண்டி இழுக்கும். அந்த 'டிக் டிக்' சத்தத்துக்குக் காரணம் அதுதான். சரி, கார்டு போடலாம் என்று முடிவு செய்தோம்.

முதல் கார்டு

ஆன்லைனில் ஒரு கார்டு வாங்கினேன். நீல நிறத் துளை இரண்டு, படம் அழகாக இருந்தது, பெட்டியில் 3.0 என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. செருகியதும் டிஸ்க் தெரிந்தது. வேகம் 32 எம்பி. கேபிளை மாற்றினேன், டிஸ்கை மாற்றினேன், அதே 32.

எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட்டுக்குள் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன், சிப்செட்டோடு நேராக இணைக்கும் வேகமான பாதை. பழைய வகையில்கூட வினாடிக்கு 250 எம்பி போகும். இன்னொன்று சாதாரண யூஎஸ்பி 2.0 கம்பி. உண்மையான 3.0 கார்டு முதல் பாதையைப் பிடித்து, தன்னிடம் உள்ள, யூஎஸ்பியை இயக்கும் கன்ட்ரோலர் சிப் வழியாக வேகத்தைத் தர வேண்டும். நான் வாங்கியது இரண்டாவது பாதையில் ஒட்டிக்கொண்ட வெறும் ஹப், நீலப் பிளாஸ்டிக் போட்டது. விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் புதிய கன்ட்ரோலர் எதுவும் தோன்றவில்லை. லினக்ஸ் பென்டிரைவில் துவக்கிப் பார்த்தபோதும் பிசிஐ பட்டியலில் புதிய வரி இல்லை. கார்டைத் திருப்பி அனுப்பினேன். இது என் முதல் தவறு: எந்தச் சிப் என்று கேட்காமல் நிறத்தைப் பார்த்து வாங்கினேன். ஒரு வாரம் போயிற்று.

இரண்டாவது கார்டு ரெனிசாஸ் நிறுவனத்தின் கன்ட்ரோலர் கொண்டது. ஓரத்தில் தனி மின்சாரத்துக்கு ஒரு சின்ன துளையும் இருந்தது. செருகியதும் புதிய கன்ட்ரோலர் வரி வந்தது. விண்டோஸ் 10-க்குத் தனி டிரைவர் தேவைப்படவில்லை. விண்டோஸ் 7 ஆக இருந்திருந்தால் தேடிப் போட வேண்டியிருக்கும், அதில் யூஎஸ்பி 3.0 டிரைவர் உள்ளடங்கி வரவில்லை. வேகம் வினாடிக்கு 105 எம்பி. அது டிஸ்கின் எல்லைதான், கார்டு இன்னும் தரும். 13 ஜிபி இரண்டு நிமிடத்தில் போனது. அவர் ஒன்றும் சொல்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரண்ட் பிரச்சினை

எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட்டில் 5 வோல்ட் கிடையாது. 3.3 வோல்ட்டில் சுமார் 1 ஆம்பியர் கிடைக்கும், அதாவது 3.3 வாட். யூஎஸ்பி சாதனங்களுக்கு வேண்டியது 5 வோல்ட். கார்டு அதை உயர்த்தித் தருகிறது. உயர்த்துவதில் கொஞ்சம் வீணாகும், கார்டின் சிப்பும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது 500 மில்லி ஆம்பியர் இருந்தாலே பெரிது. அதையும் இரண்டு துளைகள் பங்கிட வேண்டும். அதனால்தான் தனி மின்சாரத் துளை வைத்திருக்கிறார்கள்.

இது எனக்குத் தெரியும். தெரிந்தும் கார்டோடு வந்த கேபிளைக் கொண்டு லேப்டாப்பின் ஒரு யூஎஸ்பி 2.0 போர்ட்டிலிருந்தே அந்தத் துளைக்குக் கரண்ட் கொடுத்தேன். கடையில் இரண்டு டிஸ்கையும் மாட்டி அரை மணி நேரம் ஓட்டினேன், ஓடியது. அப்படியே கொடுத்தனுப்பினேன். இது இரண்டாவது தவறு, இரண்டில் பெரியதும் இதுவே.

நான்காம் நாள் காலை போன் வந்தது. "ரெண்டாவது டிஸ்க் தெறக்க மாட்டேங்குது மக்களே." காப்பி நடுவே டிஸ்க் அறுந்து, மறுபடி சேர்ந்து, மறுபடி அறுந்திருக்கிறது. கோப்பு அமைப்பு கெட்டுவிட்டது. அதில் அதுவரை ஏற்றியிருந்தவை 14 டேப்புகள். முதல் டிஸ்கில் 14 டேப்புகளும் செக்சம் சரியாக, பத்திரமாக இருந்தன. அன்று முழுக்க நான் அங்கேயே இருந்து இரண்டாவது டிஸ்கை புதிதாக ஃபார்மட் செய்து மறுபடி ஏற்றினேன்.

அவர் கோபப்படவில்லை. அந்தப் பெண்ணின் டேப் இன்னும் கேப்சர் ஆகாமல் அலமாரியில் இருக்கிறது என்பதை மட்டும் எடுத்துக் காட்டினார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

காரணம் எளிது. கரண்ட் கொடுத்த போர்ட்டும் நான் சுத்தம் செய்த, ஏற்கெனவே அரிப்புக் கண்ட போர்ட். அதன் எல்லையும் 500 மில்லி ஆம்பியர். கடையில் டிஸ்குகள் குளிர்ந்திருந்தன, ஒன்றன்பின் ஒன்றாகச் செருகினேன். ஸ்டூடியோவில் இரண்டும் ஒரே நேரத்தில் தூங்கி எழும்போது தேவை சேர்ந்து ஏறியிருக்கிறது.

ஹப்பும் ஒரு கரண்ட் கட்டும்

தனி அடாப்டருடன் வரும் யூஎஸ்பி 3.0 ஹப் ஒன்று வாங்கினோம். கார்டின் ஒரு துளையில் ஹப், ஹப்பில் இரண்டு டிஸ்க். டிஸ்குகளுக்கான மின்சாரம் முழுவதும் ஹப்பின் அடாப்டரிலிருந்து. கார்டு தகவலை மட்டும் கடத்தினால் போதும். அதன் பிறகு டிஸ்க் அறுந்து போவது நின்றது.

நின்றது என்று நினைத்த இரண்டாம் வாரம், ஜூலை நடுவில், மழையில் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருந்தது. ஹப் சுவர் பிளக்கில் இருந்ததால் அது அணைந்தது, காப்பி நடுவே டிஸ்குகளும் அணைந்தன. ஸ்டூடியோவில் இன்வெர்ட்டர் உண்டு. அதன் பிளக்கில் டேபிள் லைட் இருந்தது, ஹப் சாதாரண லைனில். லேப்டாப்புக்குப் பேட்டரி இருக்கிறதே என்று இருவருமே நினைத்துவிட்டோம். தனி அடாப்டர் உள்ள எதையும் லேப்டாப்போடு இணைத்தால், அந்தப் பேட்டரி பாதுகாப்பு அதற்குக் கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது.

இந்த முறை சேதம் ஒரே ஒரு கோப்பு. பட்டியலில் அது இருந்தது, அளவும் சரியாக இருந்தது. செக்சம்தான் மாறியிருந்தது. சரிபார்க்காமல் விட்டிருந்தால் வருடங்கள் கழித்து யாராவது கேட்கும்போதுதான் தெரிந்திருக்கும். எஸ்எஸ்டியில் மூலம் இருந்ததால் மறுபடி ஏற்றினார். ஹப்பை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினோம். எஸ்எஸ்டியிலிருந்து எந்தக் கோப்பையும் இரண்டு டிஸ்கின் செக்சமும் பொருந்திய பிறகே அழிப்பது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதத் தொடங்கினார். அவருடைய கையெழுத்து அழகானது. அந்த நோட்டைப் பார்த்தாலே எந்த டேப் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும்.

மற்ற போர்ட்டுகள்

எச்டிஎம்ஐ-க்கு அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. லேப்டாப்பில் டிஸ்ப்ளேபோர்ட் இருந்தது. 400 ரூபாய் அடாப்டர் ஒன்றில் மானிட்டரில் 1920 × 1080 படம் வந்தது. 4கே மானிட்டர் வேண்டும் என்றால் இது போதாது. மினி டிவி படமே 720 × 576 என்பதால் அவருக்கு அந்தத் தேவை இல்லை.

டைப்-சி என்று அவர் கேட்டது, போனிலிருந்து படங்களை எடுப்பதற்காக. அதற்கு ஒரு முனை சாதாரண யூஎஸ்பி, மறுமுனை டைப்-சி உள்ள கேபிள் போதும். டைப்-சி சார்ஜரால் லேப்டாப்பைச் சார்ஜ் செய்ய முடியுமா என்றும் கேட்டார். அதற்கான மாற்றுக் கேபிள்கள் உண்டு, ஆனால் இந்த வேலை முடியும்வரை மின் இணைப்பில் புதிதாக எதையும் நுழைக்க வேண்டாம் என்று மறுத்துவிட்டேன்.

உப்புக்காற்றுக்கு என்ன செய்வது என்பது எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. ஸ்லாட்டில் போலி அட்டை இருந்தவரை உள்ளே காற்று போகவில்லை. இனி கார்டை எடுக்கும்போதெல்லாம் வாய் திறந்திருக்கும். வேலை முடிந்ததும் கார்டைக் கழற்றி, போலி அட்டையைத் திரும்பச் செருகி, கார்டையும் டிஸ்குகளையும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வைக்கச் சொன்னேன். கடல் பார்த்த ஜன்னலை விட்டு மேசையை உட்பக்கச் சுவருக்கு நகர்த்தினோம். ஃபயர்வயர் கேபிளைக் கேமராவை அணைத்துவிட்டே செருகுவது என்பது அவருக்கு ஏற்கெனவே இருந்த பழக்கம். நல்ல பழக்கம். அந்த போர்ட் கெட்டால் கேமராவுக்கு இப்போது மாற்று கிடைப்பது கஷ்டம்.

விளைவு

அந்தப் பெண்ணின் டேப்பை ஜூலை கடைசி வாரம் எடுத்தோம். நான் போகக் காரணம் எதுவும் இல்லை, ஆனாலும் போயிருந்தேன். தொடக்கத்தில் சில நொடிகள் கட்டம் கட்டமாக உடைந்தன. கேமராவில் டேப்பைப் படிக்கும் தலைப்பகுதியைச் சுத்தம் செய்யும் டேப்பை ஓட்டிவிட்டு மறுபடி எடுத்தபோது பெரும்பகுதி சரியானது. திருமண வார்த்தைப்பாடு கொடுக்கும் இடத்தில் மாப்பிள்ளையின் குரல் தெளிவாகப் பதிவாகியிருந்தது. மினி டிவி டேப்பிலிருந்து எடுத்த கோப்பு அப்படியே அவர்கள் வீட்டு டெலிவிஷனில் ஓடாது என்பதால் எம்பி4 ஆக மாற்றி ஒரு பென்டிரைவில் போட்டோம். ஸ்டூடியோக்காரர் காசு வாங்கவில்லை.

செப்டம்பர் இறுதியில் 180-ல் 171 டேப்புகள் இரண்டு டிஸ்கிலும் ஏறி, செக்சம் பொருந்தியிருந்தன. மொத்தம் ஏறக்குறைய 2.2 டிபி. 9 டேப்புகளில் பூஞ்சை. ஓட்டினால் கேமராவின் தலைப்பகுதி கெடும் என்று ஒதுக்கினோம். கார்டு, ஹப், எச்டிஎம்ஐ அடாப்டர், என் கூலி எல்லாம் சேர்த்து அவருக்கு 5,000 ரூபாய்க்குள் முடிந்தது. டிஸ்க் கெட்டதால் போன ஒரு நாளுக்கு நான் கூலி வாங்கவில்லை.

இன்னொரு முறை என்றால்

சுத்தம் செய்துவிட்டு ஒரு வாரம் அந்த 32 எம்பியிலேயே ஓட்டச் சொல்லியிருப்பேன். கார்டு வரும்வரை காத்திருந்த நாட்களில் 20 டேப்பாவது முடிந்திருக்கும். கார்டை வாங்கும்போது கன்ட்ரோலர் சிப்பின் பெயர் எழுதியிருக்கிறதா, தனி மின்சாரத் துளை இருக்கிறதா என்ற இரண்டையும் பார்ப்பேன். செருகிய உடனே டிவைஸ் மேனேஜரில் புதிய கன்ட்ரோலர் வருகிறதா என்று பார்ப்பேன், வேகச் சோதனை அதற்குப் பிறகுதான். தனி அடாப்டர் உள்ள ஹப் இல்லாமல் சுழலும் டிஸ்கை எக்ஸ்பிரஸ்கார்டில் மாட்ட மாட்டேன். என் கடையில் அரை மணி நேரம் ஓடியதை வைத்து எதையும் ஒப்படைக்க மாட்டேன். பயன்படுத்தும் இடத்தில், அங்குள்ள பிளக்கில், இரண்டு டிஸ்கையும் தூங்கவைத்து எழுப்பிப் பார்த்துவிட்டே வருவேன். சுவிட்சை அணைத்து ஒரு கரண்ட் கட்டையும் நானே உண்டாக்கிப் பார்ப்பேன்.

இப்போதைய நிலை

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததும் அந்த லேப்டாப்பை இணையத்திலிருந்து முழுக்கத் துண்டித்துவிட்டோம். கூடவே லினக்ஸ் ஒன்றையும் நிறுவி, அதில் ஃபயர்வயர் கேப்சர் ஓடுகிறது என்று சோதித்து வைத்திருக்கிறேன். கார்டும் ஹப்பும் இன்றும் சரியாக வேலை செய்கின்றன. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இருந்து இரண்டு பழைய வீடியோகிராபர்கள் தங்கள் டேப்புகளோடு அவரைத் தேடி வந்திருக்கிறார்கள். பூஞ்சை பிடித்த 9 டேப்புகள் அந்த மூடிய டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு இருக்கின்றன. அவற்றைச் சுத்தம் செய்து ஓட்ட, உதிரிக்காக ஒரு பழைய கேமரா தேடிக்கொண்டிருக்கிறோம்.